டெலிபோன் பூத்தில் முக்காலம்

ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிற ‘இங்’ என்பது, எங்கள் ஊர் ‘ங்க’ மாதிரி ஒரு மரியாதைச் சொல் என்று கல்யாண வயது வரை நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூர்ப் பக்கம் பிறந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? எங்களுக்கு ‘சரி’ என்றால் அரைச் சொல். ‘சரிங்’ என்றால்தான் முழுச் சொல். தமிழ் மீடியத்தில் படித்து டிப்ளமா முடித்தவன், ‘ஐ நோ’ என்று ஒரு மனிதனின் முகத்துக்கு நேரே சொல்லிவிட முடியுமா? வெடுக்கென்று இருக்காதா? ‘ஐ ஆம் நோயிங்’ என்றால்தான் கொஞ்சம் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்ன மாதிரி இருக்கும். ஆகவே தொண்ணூறுகளில் புனே பக்கத்து சிஞ்ச்வட்டுக்கு வேலைக்கு வந்தபோது, மேலதிகாரியிடம் ‘இங்’ போட்டும் சக ஊழியர்களிடம் மொட்டையாகவும் பேசுவது என்று ஒரு முறை வைத்திருந்தேன். யாரும் திருத்தவில்லை. என் மேலதிகாரி மராட்டியர். அவரும் எல்லாவற்றுக்கும் ‘இங்’ போட்டுத்தான் பேசுவார். பதில் மரியாதை செய்கிறார், பெரிய மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வேலை பார்த்தது கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில். ஹிந்தி காய்கறிக் கடையில் வந்துவிட்டது. மராட்டி லேத் மிஷின் பக்கத்தில் நின்று நின்று வந்துவிட்டது. ஆங்கிலம் வேலைக்குத் தேவைப்பட்டது டிராயிங் பார்க்க மட்டும்தான். டிராயிங்கில் விட்டம் உண்டு, நீளம் உண்டு, வினைச்சொல் கிடையாது. நடந்ததா, நடக்கிறதா, நடக்குமா என்று எந்த போல்ட்டும் என்னைக் கேட்டதில்லை.

அப்படி நிம்மதியாக இருந்தவனுக்குப் பெண் பார்த்தார்கள்.

பெண் வீடு புனேயின் விமான் நகரில். பூர்வீகம் எங்கள் பக்கம்தான். அவள் அப்பா ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்துப் பல வருஷங்களுக்கு முன்பே புனே வந்து நிலைத்தவர். பெண் பிறந்தது, படித்தது, விமான டிக்கெட் போடுகிற ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் இங்கேயே. என் தங்கைக்குப் பரீட்சை என்று அம்மா ஊரிலேயே இருந்துவிட்டதால், அப்பா மட்டும் ரயிலேறி வந்தார். நானும் அவரும் பெண் பார்க்கப் போனோம்.

அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, மொசைக் தரையை மிதிக்கலாமா வேண்டாமா என்று நின்றார். அப்போது உள்ளேயிருந்து அவள் வந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, “வா, உக்காரு” என்றாள்.

அவள் அம்மாவின் முகம் செத்துவிட்டது. “உள்ள போயி காபியப் பாரு” என்று ஒரு குரல் வந்தது. அவள் போனாள். திரும்பி வந்தபோது அவளிடம் தமிழ் இல்லை. “ஹவ் இஸ் சிஞ்ச்வட்?” என்று என்னைக் கேட்டாள்.

“சிஞ்ச்வட் இஸ் பீயிங் குட்” என்றேன். ஊருக்கும் சேர்த்து மரியாதை.

எனக்கு அவளை அன்றே பிடித்துவிட்டது. காரணம் சொல்கிறேன். என் இடது சாக்ஸில் கட்டைவிரல் பக்கம் ஒரு ஓட்டை. அதை வலது காலால் மறைத்து மறைத்து உட்கார்ந்திருந்தேன். பஜ்ஜித் தட்டை வைக்க வந்தவள் அதைக் கவனித்தாள். டீப்பாய் மேலிருந்த செய்தித்தாள் முழங்கை பட்டு விழுந்ததுபோல என் கால் மேல் விழுந்தது. ‘சாரி’ என்றாள். எடுக்கவில்லை. கிளம்பும் வரைக்கும் அந்தச் செய்தித்தாள் என் மானத்தைக் காத்தது.

புறப்படும்போது அவள் அப்பா சொன்னார்: “இந்தக் காலத்துல நாம முடிவு பண்ணி என்னங்க ஆவப்போவுது? ரெண்டு பேரும் கொஞ்ச நாள் ஃபோன்ல பேசிப் பாக்கட்டும். புள்ள சரின்னா சரி. இல்லீன்னா மனசுல வெச்சுக்காதீங்க.”

“ஆமாங்க, அதுதானுங்க மொற” என்றார் அப்பா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா ஜன்னலைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார். “என்னங்கப்பா?” என்றேன்.

“ஒண்ணுமில்ல சாமி. ஊட்டுக்குப் போயி உங்கம்மாகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணு வெச்சிருக்கறேன்.”

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கு என் கவலை. புள்ள சரி சொல்ல வேண்டும். அந்தப் புள்ளையிடம் ஃபோனில் பேச வேண்டும். அந்தப் புள்ள பேசுவது ஆங்கிலம்.

சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே ஒரு மஞ்சள் போர்டு டெலிபோன் பூத் இருந்தது. ஒரு ஆள் நிற்கிற கண்ணாடிக் கூண்டு. மழையில் ஊதிப்போய் அதன் கதவு ஒருநாளும் முழுக்கச் சாத்தாது, விட்டால் திறந்துகொள்ளும். ஒரு கையில் ரிசீவர், மறு கையில் பேச வேண்டிய வாக்கியங்களை எழுதிய காகிதம், ஒரு காலால் கதவு. மிச்சமிருந்த ஒற்றைக் காலில் நின்றுதான் நான் காதலித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஷிஃப்ட் முடிந்து வந்து பேசுவது என்று ஏற்பாடு. வாக்கியங்களைத் தயார் செய்து கொடுப்பவன் என் அறைத் தோழன். மதுரைக்காரன். பக்கத்து ஆகுர்டியில் வண்டிகள் செய்கிற ஒரு பெரிய ஃபேக்டரியில் வேலை. அவன் ஆங்கிலம் முழுவதும் ரேடியோ கிரிக்கெட் வர்ணனையில் கற்றது. அதனால் அவனுக்கு எல்லாமே கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கும்.

“மாப்ள, கேட்டுக்க” என்றான், சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே. “பொம்பளப் புள்ளகிட்ட எதிர்காலத்துல பேசாத. வாக்குக் குடுத்த மாதிரி ஆயிரும். இறந்தகாலத்துல பேசாத, பழைய கதை என்னான்னு தோண்டுவா. நிகழ்காலத்துலயே நில்லு. அங்கிட்டும் இங்கிட்டும் அசையாத.”

“இங் போடலாமில்ல?”

“தாராளமாப் போடு.”

முதல் ஞாயிறு, போட்டேன். ‘ஐ ஆம் ஒர்க்கிங் இன் சிஞ்ச்வட். ஐ ஆம் லிவிங் வித் ஒன் ஃப்ரெண்ட். ஐ ஆம் லைக்கிங் யுவர் ஹவுஸ்.’ வரிக்கு வரி குனிந்து கும்பிட்டேன்.

“ஓகே” என்றாள்.

அடுத்த வரிகளையும் படித்தேன்.

“நைஸ்” என்றாள். சற்றுப் பொறுத்து, “அண்ட் தென்?” என்றாள். நடுவில் இரண்டு முறை “ஹலோ? ஹலோ?” என்றாள். என் ஆங்கிலத்தைக் கேட்டு ஆச்சரியப்படுகிறாள் என்று முதல் வாரம் தோன்றியது. இரண்டாவது வாரமும் அதே ஓகே, அதே நைஸ், அதே அண்ட் தென். ஒரு மனிதன் வியர்த்து விறுவிறுத்துப் பத்து வரி சொன்னால், பெரிய இடத்துப் பெண் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறாளே என்று இப்போது தோன்றியது.

அந்த வியாழக்கிழமை (சிஞ்ச்வட்டில் அன்று மின்சாரத்தை நிறுத்துவதால் வியாழன்தான் எங்களுக்கு வார விடுமுறை) பஸ் பிடித்து, புனேயில் ‘அப்பா பல்வந்த் சௌக்’ என்ற இடத்துக்குப் போனேன். அங்கே புத்தகக் கடைகள் தெருவை அடைத்துக்கொண்டு இருக்கும். நடைபாதையில் கிடந்த ஒரு பழைய ஆங்கில இலக்கணப் புத்தகத்தை வாங்கி, திரும்பி வரும் பஸ்ஸிலேயே பிரித்தேன்.

சிவாஜிநகர் தாண்டுவதற்குள் எனக்கு உண்மை தெரிந்துவிட்டது. ‘இங்’ மரியாதை அல்ல. இப்போதைக்கு நடந்துகொண்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடும் என்று அர்த்தம்.

அந்த பஸ்ஸில் எனக்கு வந்த வியர்வை ஃபர்னஸ் பக்கத்தில் நின்றபோதுகூட வந்ததில்லை. மேலதிகாரியிடம் ‘ஐ ஆம் ரெஸ்பெக்டிங் யூ சார்’ என்று சொல்லியிருக்கிறேன். அதாவது, இன்று மதிக்கிறேன், நாளைக்குப் பார்ப்போம். அது போகட்டும். விமான் நகரில் என்ன சொல்லியிருக்கிறேன்? சிஞ்ச்வட்டில் தற்சமயம் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலை போனால் போகும். தற்சமயம் ஒரு நண்பனோடு குடித்தனம். உங்கள் வீடு இந்த நிமிஷம் பிடித்திருக்கிறது. இப்படி ஒரு ஆளுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?

அறைக்குப் போய் மதுரைக்காரனிடம் புத்தகத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, “அப்ப வர்ணனைக்காரனுக எல்லாம் சரியாத்தான் சொல்லிருக்கானுக. பந்து ஓடிக்கிட்டு இருக்கு, நின்னுபோகும். நீதான்டா தப்பு” என்றான்.

அதற்குப் பிறகு நான் இலக்கணத்துக்குள் விழுந்தேன். விழுந்தவன் நேராக ஆழமான பக்கத்தில் விழுந்தேன். ‘ஹேட் பீன்’ என்று ஒரு அத்தியாயம். பார்க்க கம்பீரமாக இருந்தது. பெரிய மனிதர்கள் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் மாதிரி ஒரு தோரணை. அடுத்த ஞாயிறு எல்லாவற்றிலும் அதைச் சேர்த்தேன். மதியம் என்ன சாப்பிட்டேன் என்பதைக்கூட, ‘ஐ ஹேட் பீன் ஈட்டன் வடா பாவ்’ என்று எழுதிவைத்தேன்.

மதுரைக்காரன் காகிதத்தை வாங்கிப் பார்த்தான். “வடா பாவ் உன்னையத் தின்னுச்சா, நீ வடா பாவத் தின்னியா? தெளிவாச் சொல்லு, ஆஸ்பத்திரிக்குப் போவம்.”

நான் கேட்கவில்லை. அப்படியே பேசினேன். எதிரே ஸ்டேஷனில் ஒரு லோக்கல் ரயில் வந்து நின்றது, போனது. கதவு காலிலிருந்து நழுவித் திறந்தது, உதைத்துச் சாத்தினேன்.

“ஓகே” என்றாள். “அண்ட் தென்?”

வடா பாவ் ஒருவனைத் தின்ற பிறகு என்ன ‘அண்ட் தென்’? முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் விடவில்லை. மழை வலுத்தது. குடையை மடக்கிக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு ஞாயிறும் பேசினேன். வாரத்தின் ஆறு நாளும் லேத்தில் நின்றுகொண்டு, ‘இங்கே போடுவது கோவா, வென்டா, கானா’ என்று முணுமுணுப்பேன். பக்கத்து மிஷின்காரர் நான் ஏதோ விரதம் இருக்கிறேன் என்று நினைத்து, டீ வரும்போதெல்லாம் ‘உபவாஸ் ஆஹே கா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

அந்தச் சமயத்தில் ஊரிலிருந்து அம்மா செய்தி அனுப்பினார். தங்கை பரீட்சை முடிந்தது, பெண்ணை நேரில் பார்க்க வருகிறேன் என்று. அந்த வாரம் நான் பூத்துக்குப் போனபோது ஏதோ கோளாறில் லோக்கல் ரயில்கள் நின்றிருந்தன. ஸ்டேஷனும் தெருவும் வெறிச்சென்று இருந்தன. ‘மை மதர் இஸ் கமிங் நெக்ஸ்ட் சண்டே’ என்றேன். புத்தகத்தில் பார்த்திருந்தேன், அங்கே ‘இங்’ போடலாம். என் வாழ்க்கையில் ‘இங்’ தன் சொந்த இடத்தில் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இந்த முறை ‘ஓகே’ வரவில்லை. “ப்ளீஸ், டோன்ட் பிரிங் யுவர் மதர் நவ்” என்றாள். வைத்துவிட்டாள்.

மதுரைக்காரன் அதை ஆராய்ந்தான். “நவ்னுதானே சொன்னா? அப்ப எதிர்காலத்துக்கு இன்னும் கதவச் சாத்தல மாப்ள.”

“நெசமாவா சொல்ற?”

“இல்ல. ஆறுதலுக்குச் சொன்னேன்.”

வியாழக்கிழமை வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மா டிக்கெட் எடுத்துவிட்டார். பெண் வேண்டாம் என்கிறாள். காரணம் என் டென்ஸ் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆகவே நேரில் போய் ஒரே ஒரு வாக்கியம், கடைசி வாக்கியம், தப்பில்லாமல் சொல்லிவிட்டு வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். புத்தகத்தின் ஆகக் கடினமான பக்கத்திலிருந்து அதைச் செய்தேன்: ‘பை தி டைம் யூ டிஸைட், ஐ வில் ஹேவ் லேர்ன்ட் இங்கிலீஷ்.’ நீங்கள் முடிவு செய்வதற்குள் நான் ஆங்கிலம் கற்று முடித்திருப்பேன். லோக்கலில் புனே ஸ்டேஷன் வரை அதைச் சொன்னேன். அங்கிருந்து டம்டம் என்று எல்லோரும் சொல்கிற ஆறு சீட்டு ஆட்டோவில், யாரோ ஒருவரின் காய்கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, விமான் நகர் வரை சொன்னேன்.

“கோணாகடே?” என்றார் அவர்கள் சொசைட்டியின், அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பின், வாட்ச்மேன். யார் வீட்டுக்கு என்று கேட்கிறார். எனக்கு வாயில் வந்தது ‘பை தி டைம்’தான். நல்லவேளை, அதற்குள் அவள் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் திகைத்துப்போய், கேட்டுக்குப் பக்கத்தில் குழந்தைகள் விளையாடுகிற இடத்திலிருந்த சிமென்ட் பெஞ்சைக் காட்டினாள். உட்கார்ந்தோம். நடுவில் அவள் கைப்பை.

நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். நிறுத்தி, நிதானமாக, ஒரு எழுத்து தவறாமல்.

அவள் கேட்டதாகவே தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று தமிழில் பேசினாள்.

“உங்க அம்மா வந்துச்சுன்னா நான் என்ன பேசறது?”

நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“எனக்குத் தமிழ் அவ்வளோ வராது. மத்லப், அதாவது, வரும். வீட்ல அம்மாகூடப் பேசுவேன். ஆனா அம்மா எனக்குச் சொல்றதுதான் எனக்குத் தெரியும். வா, போ, உக்காரு, சாப்பிடு, தூங்கு. அவ்வளோதான் எனக்குச் சொன்னாங்க. அதையே நான் உங்க அப்பாவுக்குச் சொல்லிட்டேன். தப்புன்னு தெரியாது. அப்புறம் அம்மா ரொம்பத் திட்டினாங்க. பெரியவங்களை உக்காருன்னு சொல்ற பொண்ணை யார் எடுப்பாங்கன்னு.” கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். “அதனாலதான் உன்கூட இங்கிலீஷ். இப்போ உங்க அம்மா வந்துச்சுன்னா, அதுக்கும் ஏதாவது சொல்லிடுவேன். நீயும் வேணாம்னு போயிடுவே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது எழுதும்போது வருகிறது, அன்று வரவில்லை. விகுதியைத் தேவைக்கு மேல் போட்டவன் ஒருத்தன், தேவைக்குக்கூடப் போடாதவள் ஒருத்தி, ஒரு மழைக்காலம் முழுக்க ஒருவருக்கொருவர் பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

“எங்கப்பா ஒண்ணும் கோவிச்சுக்கலீங்க” என்றேன்.

“அவர் சொன்னாரா?”

“சொல்லலீங்க. சிரிச்சாருங்க.”

அது அவளை இன்னும் கலவரப்படுத்தியது. ஆகவே அந்த பெஞ்சிலேயே ஒரு வகுப்பு நடந்தது. ‘வாங்க அத்தை, உக்காருங்க, ரயில்ல வந்தது சிரமமா இருந்துதுங்களா?’ என்று மூன்று வாக்கியம். ‘ங்க’ வருகிற இடத்தில் நான் விரலைத் தூக்குவேன். அவள் அங்கே சேர்ப்பாள். சறுக்கு மரத்தில் ஏறி நின்ற குழந்தைகள் எங்களைப் பார்த்து விரலைத் தூக்கின. வாட்ச்மேன் வந்து என்ன விஷயம் என்று பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு போட்டேன். அம்மா வந்து இறங்கினார். நேரே விமான் நகர் போனோம். கதவைத் திறந்தவள், பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற பெண் போல நிமிர்ந்து நின்று, “வாங்க அத்தை. உக்காருங்க. ரயில்ல வந்தது சிரமமா இருந்துதுங்களா?” என்றாள். ஒரு ‘ங்க’ சிந்தவில்லை. பின்னால் அவள் அம்மா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் விரலை மடக்கிக்கொண்டேன்.

அம்மா உட்காரவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏங் கண்ணு, எங்கூட்டுக்காரர மட்டும் உரிமையா உக்காருன்னு சொல்லிப்போட்டு, எனக்கு மட்டும் எதுக்கு இந்த ‘ங்க’?”

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவிய வந்த அன்னிக்கிருந்து அதையேதான் சொல்லிட்டிருக்கறாங்க. ‘எங்காத்தா போனதுக்குப் பொறவு என்னைய வா உக்காருன்னு ஆரு சொன்னாங்க, அந்த அம்மிணி சொல்லுச்சு’ன்னு. தெருவுல ஒருத்தரு பாக்கியில்ல. அதைக் கேக்கறதுக்குத்தான் நான் இத்தன தூரம் வந்தேன்.”

அவள் என்னைப் பார்த்தாள். புத்தகத்தில் அதற்கு அத்தியாயம் இல்லை.

“உக்காரு அத்தை” என்றாள்.

அம்மா உட்கார்ந்தார்.

அவள் அப்பா, “என்னம்மா சொல்ற?” என்று கேட்டார். “ஹாங், சரி” என்றாள், காபி போட உள்ளே போகிற வழியில்.

ஊரில்தான் கல்யாணம் நடந்தது. சிஞ்ச்வட்டில் ஒரு சொசைட்டியில் வீடு பிடித்தோம். மதுரைக்காரன் ஒவ்வொரு வியாழனும் சாப்பிட வருவான். அவள் அவனையும் ‘வா, உக்காரு’ என்றுதான் சொல்வாள். என்னை இன்றும் வீட்டில் ‘நீ’. சொந்தக்காரர்கள் வந்தால் மட்டும் ‘நீங்க’. வந்தவர்கள் கிளம்பிய நொடியில் ‘ங்க’வும் கிளம்பிவிடும். அவள் ‘நீங்க’ என்றாலே எனக்கு வீட்டில் யாரோ வெளியாள் இருப்பது தெரிந்துவிடும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் கழித்து, ஒரு நாள் சிஞ்ச்வட் ஸ்டேஷனில் லோக்கலுக்காக நின்றோம். எதிரே பூத் இருந்த இடத்தில் செல்ஃபோன் ரீசார்ஜ் கடை வந்திருந்தது. கூண்டு இல்லை, கதவு இல்லை. மஞ்சள் போர்டின் இரண்டு ஆணி மட்டும் சுவரில் இருந்தது. நெடுநாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

“அந்த பூத்துலிருந்து பேசினேனே, அதுல எது ரொம்ப மோசம்? வடா பாவா?”

“என்ன வடா பாவ்?”

“ஹேட் பீன் ஈட்டன்.”

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணுமே கேட்டதில்ல. லோக்கல் வந்தா லோக்கல் சத்தம், போனா டெம்போ சத்தம். நீ ஏதோ சொல்லிட்டே இருப்ப. கோவிச்சுக்கக் கூடாதேன்னு ஓகேன்னுவேன்.”

“அந்த ‘அண்ட் தென்’?”

“நீ முடிச்சிட்டியா இல்லையான்னு தெரியணுமே.”

நடந்தது அவ்வளவுதான். லோக்கல் ஓடாத அன்று, அம்மா வருகிறார் என்று சொன்ன அந்த ஒரே ஒரு வாக்கியத்தைத் தவிர, அந்த மழைக்காலம் முழுவதும் நான் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்ன காலங்களில் ஒன்றுகூட விமான் நகர் போய்ச் சேரவில்லை.